கிக் டிரம்முக்கு எந்த மைக்? பணம் கொடுக்கும் முன் ஓட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள்

கிக் என்றால் டிரம் செட்டில் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம், ஹெட் என்றால் அதன் தோல். அதைப் பற்றிக் கேட்டவரின் கேள்வி இது: "அண்ணா, வீட்டு மாடி அறையில் டிரம்ஸ் ரெக்கார்ட் செய்கிறேன். 22 அங்குல கிக், முன்பக்க ஹெட்டில் ஓட்டை இருக்கிறது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் நான்கு மைக் இன்புட். இப்போதைக்கு எஸ்எம்57தான் கிக்குக்கும். அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல வருகிறது. ஏகேஜி டி112, ஷூர் பீட்டா 52ஏ, ஆடிக்ஸ் டி6 மூன்றில் எதை வாங்கலாம்? ராக்தான் அதிகம், மெலடி பாட்டும் நடுநடுவே வரும்."

தம்பி, ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் டி112 வாங்குங்கள். ஆனால் அந்த ஒரு வரியை நம்பிக் கடைக்குப் போய்விட வேண்டாம். உங்கள் அட்டைப்பெட்டிச் சத்தத்தில் பாதிதான் மைக்கால் வருகிறது என்பது என் சந்தேகம். மீதிப் பாதி டிரம்மிலும் மைக் நிற்கும் இடத்திலும் இருக்கும். அதைச் சரி செய்யாமல் எதை வாங்கினாலும் கொஞ்சம் விலை உயர்ந்த அட்டைப்பெட்டிதான் கிடைக்கும்.

கிக்கின் சத்தத்தை மூன்று துண்டாகக் கேட்டுப் பழகுங்கள். கீழே "தொம்" என்று வயிற்றில் விழுவது ஏறக்குறைய 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. 22 அங்குல டிரம்மின் அடிநாதம் அங்கேதான் இருக்கும். நடுவில் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை ஒரு சதைப்பகுதி. ஜாஸ் வாசிப்பவருக்கு அது வேண்டும், ராக் மிக்ஸில் அதுதான் உங்கள் அட்டைப்பெட்டி. மேலே 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை பெடலின் சுத்தியலான பீட்டர் தோலில் மோதும் "டிக்". எஸ்எம்57 நல்ல மைக், அதைக் குறை சொல்லவில்லை. ஸ்னேரிலும் கிட்டார் ஆம்ப்பிலும் பாடகர் வாய்க்கு முன்னாலும் 1965இலிருந்து உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் காது மெல்ல மெல்ல மந்தமாகிவிடும். அதனால் "தொம்" மெலிந்து, நடுப்பகுதி மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. உங்களுக்குக் கேட்பது அதுதான்.

இப்போது கிக் மைக் என்று பெயர் போட்டு விற்பவற்றைப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி எடுக்க வேண்டும் என்ற எண்ணமே அவற்றுக்குக் கிடையாது. கீழே கொஞ்சம் தூக்கி, நடுவில் பள்ளம் தோண்டி, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு கட்டி, ஈக்யூவை, அதாவது ஒலியின் பகுதிகளை ஏற்றி இறக்கும் வேலையை, மைக்குக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் அந்த ஈக்யூவைத்தான் வாங்குகிறார். எவ்வளவு ஆழமாகப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், அது உங்கள் பாட்டுக்குப் பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் ராக்குக்கு உடனே பொருந்திவிடும். ஆனால் நாளைக்கு ஒரு மெலடிக்கு நடுப்பகுதி வேண்டுமென்று தேடினால், மைக் எடுக்காததை ஈக்யூவால் கொண்டுவருவது சிரமம்.

அந்தக் கணக்கில் உங்கள் மூன்றையும் வைத்துப் பாருங்கள். ஆடிக்ஸ் டி6தான் மூன்றிலும் அதிகம் தோண்டியது. ஓட்டைக்குள் வைத்து, சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினால் தயாரான மெட்டல் கிக் வரும், ஈக்யூவைத் தொடவே வேண்டாம். மேடையில் பத்து நிமிடத்தில் சவுண்ட் செக் முடிக்க வேண்டியவருக்கு அது வரம். ஆனால் எந்த டிரம்மை வைத்தாலும் கொஞ்சம் ஒரே மாதிரிக் கேட்கும். பீட்டா 52ஏ சூப்பர்கார்டியாய்ட், அதாவது முன்பக்கச் சத்தத்தையே பெரும்பாலும் எடுக்கும் வகை. கீழே மூன்றிலும் கனமானது. 4 கிலோஹெர்ட்ஸில் தெளிவான மேடு உண்டு. தோலுக்கு நெருங்க நெருங்கக் கீழ்ப்பகுதி இன்னும் ஊதும், அதனால் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் குணம் மாறும். ஸ்டாண்டில் மாட்டும் மூட்டு உடம்போடே சேர்ந்து வருவதால் ஓட்டைக்குள் திருப்பி வைக்க எளிது. இது சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் கை வலிக்காது. டி112இல் நடுப்பகுதி மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் மிச்சமிருக்கும். சிலர் அதைப் பழைய சத்தம் என்பார்கள், "பந்து அடிப்பது போல இருக்கிறது" என்று கிண்டலும் செய்வார்கள். எனக்கு அந்த மிச்சம்தான் பிடித்திருக்கிறது. ராக்குக்கு 350 ஹெர்ட்ஸ் பக்கம் நானே வெட்டிக்கொள்வேன், மெலடிக்கு வெட்டாமல் விடுவேன். நீங்கள் இரண்டும் செய்வதால்தான் முதல் வரியில் டி112 என்றேன். நாளை முழுக்க மெட்டல் என்று முடிவு செய்தால் என் பதில் டி6 என்று மாறிவிடும். மூன்றும் ஏறக்குறைய ஒரே விலைப்படியில் இருப்பவை, எனவே காசை வைத்து முடிவு செய்ய இங்கே ஒன்றுமில்லை.

டி112இன் தாத்தா டி12. வியன்னாவில் ஏகேஜி 1950களில் செய்தது. அதற்குக் கூடப்பிறந்தது போல டி20 என்று ஒன்று. பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக் 1966இல் ரிங்கோவின் கிக்குக்கு அதைத்தான் வைத்தார். அதுவரை அவர்கள் பதிவு செய்த லண்டன் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் கிக்குக்கு மிக அருகில் மைக்கைக் கொண்டுபோகக் கூடாதென்று விதி, காற்று அடித்து மைக் கெட்டுவிடும் என்ற பயம். அவர் மைக்கை நெருக்கி வைத்தார், டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரையும் திணித்தார். இன்று நாம் எல்லோரும் தலையணை திணிப்பது அந்த வழியில் வந்த பழக்கம். பழைய கதை என்று தள்ளாதீர்கள். அங்கே மைக் மட்டும் மாறவில்லை பாருங்கள், தூரமும் டிரம்முக்குள் இருந்த பொருளும் சேர்ந்து மாறின.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். முதலில் எஸ்எம்57ஐ வைத்தே இதைச் செய்யுங்கள். பீட்டர் அடிக்கும் ஹெட்டைச் சுருக்கம் போகும் வரை மட்டும் இறுக்கி, அதற்கு மேல் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அரைச் சுற்று. முன் ஹெட்டை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. உள்ளே ஒரு பழைய போர்வையை மடித்து, இரண்டு ஹெட்டையும் லேசாகத் தொடும்படி தரையில் கிடத்துங்கள். பலர் செய்வது போல டிரம் நிறையத் தலையணை அடைக்காதீர்கள். அடைத்தால் "தொம்" செத்துப்போய் "பொத்" மட்டும் மிஞ்சும். பெடலில் ஃபெல்ட் பீட்டரா, மரமா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். "டிக்" போதவில்லை என்று புது மைக் தேடி வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு நான் பீட்டரைத் திருப்பிப் போட்டே வேலையை முடித்திருக்கிறேன். பல பீட்டர்களில் ஒரு பக்கம் ஃபெல்ட், மறுபக்கம் பிளாஸ்டிக்.

அப்புறம் நண்பரை உட்கார வைத்து ஒரே வேகத்தில், ஒரே பலத்தில் கிக்கை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கைக் கையில் பிடித்து ஓட்டைக்குள் விடுங்கள். பீட்டர் படும் இடத்துக்கு நேராக இரண்டு அங்குலத்தில் நின்றால் "டிக் டிக்" என்று தட்டச்சு இயந்திரம் போல வரும், கீழே ஒன்றுமிருக்காது. அங்கிருந்து மைக்கை மெல்லப் பின்னால் இழுங்கள். நான்கைந்து அங்குலத்தில் உடம்பு சேர ஆரம்பிக்கும். டிரம்மின் நடு ஆழத்துக்கு வந்ததும் ஒவ்வொரு அடியிலும் "டிக்"கும் "தொம்"மும் சேர்ந்து விழும். அந்த இடத்தில் கை தானாக நிற்கும், நீங்களே உணர்வீர்கள். இன்னும் பின்னால் வந்தால் அட்டைப்பெட்டி திரும்பி வரும். அது திரும்புவது பெரும்பாலும் ஓட்டைக்கு ஒன்றிரண்டு அங்குலம் உள்ளேதான். சரியாக ஓட்டை வாயிலேயே நிறுத்தினால் ஒவ்வொரு அடிக்கும் "ஃபூ" என்று காற்று மைக்கின் முகத்தில் அறையும். மீட்டர் துள்ளும், காதுக்கு ஒன்றுமிருக்காது. ஓட்டையிலிருந்து விலகி வெளியே வந்தால் "டிக்" மங்கி, கீழ்ப்பகுதி மிதந்து வரும்.

இனி மைக்கை அதே ஆழத்தில் வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பீட்டரிலிருந்து, டிரம்மின் சுவரான ஷெல் பக்கமாகத் திருப்புங்கள். "டிக்" குறைவதைக் கேட்பீர்கள். ஆக, ஆழம் உடம்பைத் தீர்மானிக்கும், கோணம் "டிக்"கைத் தீர்மானிக்கும். மெலடிக்குத் திருப்பி வைக்கலாம், ராக்குக்கு நேராக. மூன்று இடத்தில் பத்துப் பத்து அடி பதிவு செய்து, அடுத்த நாள் காலையில் கேளுங்கள். அன்றிரவே கேட்டால் காது களைத்திருக்கும், எது சத்தமாக இருக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒப்பிடும்போது மூன்றின் அளவையும் காதுக்குச் சமமாக்கிக்கொள்வது முக்கியம்.

இதைச் செய்த பிறகும் "தொம்" வரவில்லை என்றால், அப்போது மைக்தான் குறை. கிக் மைக் வாங்க நியாயம் இருக்கிறது.

பட்ஜெட் கூடுமென்றால் வேறு ஒரு கூட்டம் உண்டு. பள்ளம் தோண்டாத மைக்குகள். எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்ஈ20ஐ ரேடியோ அறிவிப்பாளர் மைக் என்றுதான் பலரும் அறிவார்கள். 1968இல் வந்தது, கையில் எடுத்தால் முக்கால் கிலோ கனக்கும். நெருங்கினாலும் கீழ்ப்பகுதி ஊதாதபடி அமைத்திருப்பதால், கிக்குக்குள் எங்கே வைத்தாலும் குணம் திடீரென்று மாறாது. டிரம் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே கொடுக்கும். டிரம் மோசம் என்றால் அதையும் அப்படியே. சென்ஹைசர் எம்டி 421இல் கீழ்ப்பகுதியைக் குறைக்க ஐந்து படி உள்ள ஒரு வளையம் இருக்கிறது. கிக்குக்கு அது எம் என்ற, எதையும் குறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். டாம் டாமுக்குத் திருப்பி வைத்ததை மறந்துவிட்டு "421 கிக்குக்கு ஆகாது" என்று சொன்னவர்களைத் தெரியும். பேயர்டைனமிக் எம் 88ஐப் பாடவும் பயன்படுத்துவார்கள், கிக்குக்கும் பயன்படுத்துவார்கள். இந்த மூன்றில் எதை வாங்கினாலும் கிக் இல்லாத நாளிலும் அலமாரியில் சும்மா இருக்காது. டி112ஐ பேஸ் ஆம்ப்புக்கு வைக்கலாம், தபலாவின் பாயாவுக்கு வைத்துப் பார்க்கலாம். பாடகர் முன்னால் வைக்க மனம் வராது.

கிக்குக்குள் தலையணை மேல் கிடத்தும் தட்டை மைக் ஒன்று உண்டு, ஷூர் பீட்டா 91ஏ அந்த வகை. அது கண்டென்சர் வகை, இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே அனுப்பும் ஃபேன்டம் மின்சாரம் வேண்டும். 400 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டுவதற்கு அதிலேயே ஒரு சுவிட்சும் இருக்கிறது. "டிக்"கை ஊசி போலக் கொடுக்கும். மேடைகளில் பீட்டா 52ஏ ஓட்டையிலும் 91ஏ உள்ளேயுமாகச் சேர்த்து வைப்பது பழகிய ஜோடி. தனியாக ஒன்று மட்டும் வாங்குபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வெளியே வைக்கும் மைக் இன்னொரு உலகம். ஓட்டைக்கு வெளியே ஒன்றரை இரண்டு அடி தள்ளிப் பெரிய டயஃப்ரம், அதாவது பெரிய ஒலிச் சவ்வு, உள்ள கண்டென்சர் வைப்பார்கள். நாய்மனின் யூ 47 ஃபெட் அந்த வேலைக்கே பேர் வாங்கியது. உங்களிடம் பாட்டுக்கு ஒரு கண்டென்சர் இருக்கிறதென்றால், ஓட்டையின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி வைத்து முயன்று பார்க்கலாம். சத்தத்தைக் குறைத்து உள்ளே விடும் பேட் சுவிட்ச் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ரிப்பன் மைக்கை மட்டும் ஓட்டைக்கு எதிரே கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருப்பது முடியைவிட மெல்லிய அலுமினியத் தகடு, கிக்கின் ஒரு மூச்சில் தொங்கிவிடும்.

காசில்லாத வழி ஒன்றும் சொல்கிறேன். பழைய 6 அங்குல வூஃபர், அதாவது கீழ்ப்பகுதிக்கான ஸ்பீக்கர், இருந்தால் அதுவே மைக். ஸ்பீக்கரும் டைனமிக் மைக்கும் ஒரே தத்துவம்தானே: காந்தத்துக்குள் சுருள். யமஹா என்எஸ்10 ஸ்பீக்கரின் வெள்ளை வூஃபரைக் கழற்றிக் கிக்குக்கு முன்னால் தொங்கவிடும் பழக்கம் ஸ்டுடியோக்களில் இருந்தது. பிறகு யமஹாவே ஆறரை அங்குல ஸ்பீக்கரைச் சின்ன டிரம் ஷெல்லுக்குள் மாட்டி சப்கிக் என்று விற்றது. வூஃபரின் பிளஸ்ஸை எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் பிளக்கின் இரண்டாம் பின்னுக்கும், மைனஸ்ஸை மூன்றாம் பின்னுக்கும் கொடுத்து, முன் ஹெட்டிலிருந்து நான்கைந்து அங்குலத்தில் நிறுத்துங்கள். ஃபேன்டம் அணைத்திருக்கட்டும். சத்தம் மிகப் பெரிதாக வரும், பேட் தேவைப்படலாம். அது "டிக்"கே இல்லாத வெறும் "தொம்"தான் தரும், எனவே தனியாகப் பயன்படாது. ஆனால் உங்கள் எஸ்எம்57ஐ உள்ளே பீட்டருக்கு அருகிலும் இதை வெளியேயும் வைத்தால், கைச்செலவு ஒரு கேபிள்தான்.

இரண்டு மைக் என்று வந்ததும் என் தலையில் விழுந்த ஒரு அடியைச் சொல்ல வேண்டும். முதல் வருடங்களில் ஒரு பேண்டுக்காக ஓட்டையில் ஒரு டைனமிக், பெடல் பக்கம் பீட்டரைப் பார்த்து இன்னொன்று வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. ஒரு நாள் முழுக்க ஆறு பாட்டு பதிவு செய்தோம். இரவு இரண்டு டிராக்கையும் சேர்த்துத் திறந்தால் கிக்கின் அடிவயிறே காணோம். ஈக்யூவில் 60ஐ ஏற்றினேன், கம்ப்ரஸர் மாற்றினேன், கடைசியில் டிரம்மரின் காலைக் குறை சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒன்று மேலே எழும் இடத்தில் மற்றது கீழே இறங்கியிருந்தது. யோசித்தால் எளிதுதான். பீட்டர் அடிக்கும்போது தோல் ஓட்டைப் பக்க மைக்கை நோக்கி வருகிறது, பெடல் பக்க மைக்கை விட்டு விலகுகிறது. இரண்டும் தலைகீழ். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்தினேன், வயிறு திரும்பி வந்தது. டிரம்மருக்கு அடுத்த வேளை பிரியாணி நான் வாங்கிக் கொடுத்தேன்.

எனவே இரண்டு மைக் வைத்தால் முதல் வேலை இரண்டையும் மோனோவில் சேர்த்து ஒரு பட்டனை மாற்றி மாற்றிக் கேட்பது. எது கனமாக இருக்கிறதோ அது சரி. மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்குகளோடும் இதே சோதனை உண்டு. உங்களிடம் இருப்பது நான்கே இன்புட். இரண்டு ஓவர்ஹெட், ஒரு ஸ்னேர், ஒரு கிக் என்றால் கிக்குக்கு இரண்டாவது மைக்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இரண்டு ஓவர்ஹெட்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்று ஒரு கயிற்றால் அளந்து வையுங்கள். அதில் செலவழிக்கும் ஐந்து நிமிடம் கிக்குக்கும் பலன் தரும்.

இன்டர்ஃபேஸைப் பற்றி ஒரு சொல். டைனமிக் மைக் கிக்கின் சத்தத்தில் திணறாது. பீட்டா 52ஏ தாங்கும் அளவாக 174 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள், உங்கள் நண்பரின் கால் அதை எட்டாது. திணறுவது மைக் சத்தத்தைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப். கெயினை முழுக்க இறக்கியும் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட் பட்டனைப் போடுங்கள். பயிற்சி அடியை நம்பி கெயின் வைக்காதீர்கள். பாட்டின் கடைசிக் கோரஸில் எல்லா டிரம்மரும் இரண்டு மடங்கு அடிப்பார்கள்.

வாங்கும் இடத்தில் கவனம். பேர்பெற்ற கம்பெனிகளின் மைக்குகளுக்குப் போலி நிறைய உலவுகிறது. நானே ஒரு முறை பாதி விலைக்கு ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். டப்பா, பை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல், கையில் எடுத்தபோது மட்டும் பொம்மை போல லேசாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த மாடலின் எடை கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும், கடையில் சமையலறைத் தராசு கேட்டாலும் வெட்கமில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய மைக் தாராளமாக வாங்கலாம். வாங்குமுன் சொந்த ஹெட்ஃபோனில் கேட்டு, உடம்பை லேசாகக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, உங்கள் பாட்டைப் பெரும்பாலோர் கேட்கப்போவது ஃபோனில். ஃபோன் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் என்று ஒன்றே கிடையாது. அங்கே கிக் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது "டிக்"கும் நடுப்பகுதியின் மேல் ஓரமும்தான். மாடி அறையின் சின்ன ஸ்பீக்கரில் "தொம்" போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள், பிறகு யாராவது காரில் போட்டால் கதவு அதிரும். ஹெட்ஃபோன், ஃபோன், கார் மூன்றிலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டி112ஐச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நடுப்பகுதி கொஞ்சம் மிச்சமிருக்கும் கிக் ஃபோனில் காணாமல் போகாது.

பதிவு முடிந்ததும் டிரம்மரை எழ விடாமல் கிக்கை மட்டும் ஒரு இருபது அடி, ஒவ்வொன்றும் முழுக்க அடங்கிய பிறகு அடுத்தது என்று அடிக்கச் சொல்லி எடுத்து வையுங்கள். மிக்ஸில் ஏதாவது ஒரு அடி பலவீனமாக இருந்தால் வெளியே சாம்பிள் தேட வேண்டாம், உங்கள் டிரம்மே உங்களுக்குச் சாம்பிள்.

இப்போதைக்குக் கடைக்குப் போகாதீர்கள். போர்வையை மாற்றி, எஸ்எம்57ஐ நான் சொன்ன மூன்று ஆழத்தில் வைத்துப் பத்துப் பத்து அடி எடுத்து, ஈக்யூ போடாமல் அனுப்புங்கள். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.